கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் ஒரு கட்டுப் புல்

புல்லை ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொடுத்தார் அந்த அம்மா. பட்டுப்புடவை வாங்கினால் தருவார்களே, கயிற்றுக் கைப்பிடி வைத்த பளபளப்பான பை, அது. உள்ளே நிழலில் உலர்த்திய நேப்பியர் தீவனப் புல்லை ஒரே நீளத்தில் நறுக்கி, ஒரே திசையில் அடுக்கி, நடுவில் சணல் நூலால் கட்டி வைத்திருந்தார். எத்தனையோ வீடுகளில் நான் புல் வாங்கியிருக்கிறேன். உரச்சாக்கில், பழைய லுங்கியில், ஒருமுறை எவர்சில்வர் டிபன் டப்பாவில்கூட. இப்படி யாரும் தந்ததில்லை. வாங்கும்போது இரண்டு கைகளும் தாமாக நீண்டன.

"ரெண்டு கையால வாங்கறீங்க சாரு, பிரசாதமா?" என்று அந்த அம்மா சிரித்தார்.

"நீங்க குடுக்கிற தினுசு அப்டி கீது" என்றேன்.

குடுபல்லி ரயில் நிலையத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்த வீடு. என் பிழைப்பு இதுதான். திருப்பதியில், அலிபிரிக்குப் போகும் சாலையில் ஒரு தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. அதற்காகச் சித்தூரைச் சுற்றிய ஊர்களில் அலைந்து, மாடு வைத்திருப்பவர்களிடம் ஒரு கட்டுப் புல், ஒரு பிடி கடலைக்கொடி, ஒரு கத்தை வைக்கோல் என்று வாங்கி வருவேன். வண்டி ஓட்டுவதும் நான்தான், தெலுங்குக்கும் தமிழுக்கும் நடுவில் நின்று பேசுவதும் நான்தான். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கால் மரத்துப்போகும். வேலை அதற்குத் தோதாக அமைந்துவிட்டது.

கொட்டகையில் அந்தப் பசு நின்றது. கறுப்பும் வெள்ளையுமான கலப்பினம். இடுப்பெலும்புகள் சட்டை மாட்டும் ஆணிகள் போலத் துருத்திக்கொண்டிருந்தன. முதல் ஈற்றில் அந்த வீட்டுப் பால் கேனைத் தூக்க ஆள் கூப்பிட வேண்டியிருந்ததாம். இது இரண்டாம் ஈற்று. கன்று போட்டுச் சில வாரங்கள்தான் ஆகின்றன. பால் கேனின் அடியோடு நின்றுவிடுகிறது. கால்நடை மருத்துவர் வந்து வாயைத் திறந்து பார்த்து, மடியைத் தடவி, பூச்சி மருந்து கொடுத்து, நோய் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் பெங்களூரில் வேலை பார்க்கிறவர். காலை ரயிலில் போய் இருட்டிய பிறகு திரும்புகிற கூட்டத்தில் ஒருவர். நான் போன அன்று அவர் வீட்டில் இல்லை. ஆனால் அவர் பேச்சு அங்கேயே இருந்தது. அந்த அம்மா கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"'நோயி இல்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அப்போ ரெண்டுல ஒண்ணு. உன் புல்லு மோசம், இல்ல மாடு மோசம். புல்லு நல்லதுன்னா இந்தச் சந்தைக்கே மாட்ட ஓட்டிடலாம், தரகருகிட்ட பேசிட்டேன்.' இதான் சாரு அவரு சொல்றது."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னாத்த சொல்றது? மாடு, நான் கன்னுக்குட்டில இருந்து வளத்தது. புல்லு, நான் கரணை நட்டு, தண்ணி கட்டி வளத்தது." தோட்டத்துப் பக்கம் கையை நீட்டினார். அங்கே நேப்பியர் பச்சைச் சுவராக எழுந்து நின்றது. ஒரு ஆள் இன்னொரு ஆளைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாலும் வெளியே தெரியாது. "எதக் குத்தம் சொல்லட்டும்? ரெண்டும் நல்லதுன்னு வரா மாதிரி ஒரு டெஸ்டு இல்லியா சாரு?"

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வண்டிக்கு வந்தேன். பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். மலைப்பாதை வளைவுகளில் சாயாமல் இருக்கட்டும் என்று அதற்கு பெல்ட்டும் போட்டேன். சந்தை நாளுக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

பரிசோதனைக் கூடம் என்றாலே அந்த ஒரு பெண்தான். நகரியைச் சேர்ந்தவர், நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்க வளர்ந்தவர் என்பதால் மெதுவாகப் பேச அவருக்கு வராது. கூடத்துக்குள் அவர் ஸ்பூன் எங்கே என்று கேட்டால், வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார். நகரிக்காரர் என்றே இங்கே அவரைச் சொல்லிக்கொண்டு போகிறேன். வயதில் என்னைவிட இளையவர். என்னை 'ண்ணா' என்பார், ஆனால் மரியாதைப் பன்மை கிடையாது, கூடப்பிறந்தவனை அதட்டுவதுபோல அதட்டுவார்.

அவருடைய மெஷினைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை. தையல் மெஷின் அளவுதான் இருக்கும், பார்க்கச் சாது. உள்ளே ஒரு விளக்கு. அந்த விளக்கு தரும் வெளிச்சத்தில் நமக்குத் தெரிகிற நிறம் ஒன்றும் முக்கியமில்லை. சிவப்பு முடிகிற இடம் இருக்கிறதல்லவா, அதற்கு அடுத்த வீட்டில் ஒரு வெளிச்சம் குடியிருக்கிறது. அகச்சிவப்பின் இந்தப் பக்கத்து ஓரம். அது நம் கண்ணுக்கு இருட்டு. அந்த வெளிச்சம் புல் பொடிக்குள் நுழையும். புரதம் தனக்குப் பிடித்ததைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும், நார் தனக்குப் பிடித்ததை, தண்ணீர் தனக்குப் பிடித்ததை. யாரும் தின்னாத மிச்சம் திரும்பி வரும். எது எவ்வளவு குறைந்து வந்தது என்று பார்த்து, உள்ளே எது எவ்வளவு இருக்கிறது என்று மெஷின் சொல்லும். பந்தி முடிந்ததும் இலைகளைப் பார்த்தே யார் யார் உட்கார்ந்து எழுந்தார்கள் என்று சொல்கிற சமையல்காரரைப் போல.

திரையில் ஒரு கோடு விழும். ஏறும், சரியும், ஒரு முகடு, ஒரு பள்ளம், மறுபடி ஒரு முகடு. கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே ஏழுமலையின் விளிம்பும் அப்படித்தான் ஓடுகிறது. புல்லுக்குள் இப்படி ஒரு மலைத்தொடர் இருக்கிறது என்பது ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்குக் கிடைத்த செய்தி. அன்று முதல் சாலையோரத்து அறுகம்புல்லைக்கூட அலட்சியமாகத் தாண்ட முடியவில்லை.

ஆனால் மெஷின் இதைத் தானாகத் தெரிந்துகொள்ளவில்லை. நகரிக்காரர் சொல்லிக்கொடுத்தார். வருடக்கணக்கில், வந்த ஒவ்வொரு புல்லையும் பழைய முறையில் ஆசிட்டில் கொதிக்கவைத்து, வடிகட்டி, எரித்து, எடைபோட்டு, இதில் இவ்வளவு புரதம், இவ்வளவு நார் என்று கண்டுபிடித்து, அதே புல்லின் கோட்டை மெஷினுக்குக் காட்டி, இந்தக் கோடு வந்தால் இந்தச் சத்து என்று பழக்கினார். அவருடைய பழைய வெள்ளைக் கோட்டில் ஆசிட் பட்ட பொத்தல்கள் வழியாக உள்ளே இருக்கும் புடவையின் நிறம் தெரியும். நாள் கணக்கில் எடுத்த வேலை இன்று ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிகிறதென்றால், அந்த நாட்களையெல்லாம் யாரோ ஒருவர் முன்கூட்டியே நின்று தீர்த்துவிட்டார் என்று அர்த்தம்.

குடுபல்லிப் பையை அவர் முன் வைத்தேன். சணல் நூலை அவிழ்த்தவர், "அடடா, நலங்கு வச்சி அனுப்பிகீறாங்க" என்றார். மிச்ச ஈரம் போக ஒரு ராத்திரி அடுப்புப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் அரவை மெஷினில் கொட்டினார். கொட்டிவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். என்னவோ யோசனை. பொடியைக் கண்ணாடி அடிவைத்த கிண்ணத்தில் அள்ளி, மேலே தட்டிச் சமமாக்கினார். முதலில் வெள்ளைத் தகட்டை மெஷினுக்குக் காட்டினார். எது வெளுப்பு என்று அதற்குத் தினமும் நினைவூட்ட வேண்டும். பிறகு கிண்ணத்தை உள்ளே வைத்தார்.

கோடு விழுந்தது. எண்கள் வந்தன. அத்தனை நல்ல நேப்பியரை அந்த மாதத்தில் நாங்கள் பார்த்திருக்கவில்லை. புரதம் மேலே, நார் கீழே. எனக்கு அந்தப் பச்சைச் சுவரும், அதைக் காட்டிய கையும் நினைவுக்கு வர, உடனே ஃபோனை எடுத்து அந்த அம்மாவுக்கு 'பாஸ்' என்று தட்டப்போனேன்.

"ண்ணா, கைய எடு."

எடுத்தேன்.

"மாடு எப்டி கீதுன்ன?"

"எலும்பும் தோலுமா."

"இந்தப் புல்ல துன்ற மாடு எலும்பும் தோலுமா நிக்காதுண்ணா."

"அப்போ மாடு தான் மோசமோ இன்னாவோ."

"அரைக்கும்போது சத்தம் கேட்டியா?"

"ஒண்ணும் கேக்கலியே."

"அதான்! தண்டு உள்ள போனா இந்த மெஷினு மொனகும். கட்டில் காலு ஆட்டுறாப்பல ஒரு சத்தம் வரும். தறி ஓடும்போது நூலு அறுந்தா எங்க வீட்ல தூக்கத்துலயே எழுந்திருப்போம், அந்த மாதிரி எனக்கு இது. இன்னிக்கி மொனகவே இல்ல. மாவு அரைக்கிறாப்பல ஓடிச்சி. தண்டே இல்ல இதுல, எல்லாம் எல."

நான் பொடியைப் பார்த்தேன். மருதாணிப் பொடியைப் போல ஒரே பச்சை. நேற்று இதை மெச்சியிருந்தேன்.

"இந்த ரிசல்ட்டு அவங்களுக்குப் போச்சின்னா இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

சொன்னேன். புல் நல்லது என்றால் மாடு மோசம் என்பது வீட்டுக்காரரின் கணக்கு. தரகர் நாளைக் காலை வருகிறார்.

நகரிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்தம்மா மார்க்கு பாத்து சந்தோஷப்படுவாங்க. அந்த மார்க்கே மாட்ட ஓட்டிக்கினு பூடும்."

"பொய்யான மார்க்கா அப்போ?"

"இன்னாத்துக்குப் பொய்யி? மெஷினு நெசம் தான் சொல்லிகீது. இந்தப் பைக்குள்ள கீற புல்லுக்கு இது நெசம். மாடு இந்தப் பைக்குள்ள இருந்தா துன்னுது?"

ஃபோன் செய்து கேட்டுவிடலாமே என்றேன். வேண்டாம் என்றார். "'அதே புல்லு தான் மேடமு'ன்னு சொல்லுவாங்க. பொய்யா சொல்ல மாட்டாங்க. அவங்க மனசுல அது தான் அவங்க புல்லு. காலைல இருட்டோட கெளம்பலாம். சின்னத எடுத்துக்கலாம்."

சின்னது என்பது கையில் பிடிக்கிற மெஷின். பெரிய டார்ச் லைட் அளவு. அதற்கும் அதே இருட்டு வெளிச்சம்தான். பச்சைப் புல்லில் தண்ணீர் அதிகம் என்பதால் கொஞ்சம் தடுமாறும், அதன் பேச்சைக் கூடத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் கொட்டகைக்கே வருமே, அது பெரிய குணம்.

சித்தூரைத் தாண்டும்போது வெளுத்தது. பங்காருபாளையத்தில் டீக்கு நிறுத்தினேன். மாங்காய்க் காலம். மண்டிக்குப் போகிற டிராக்டர்கள் சாலையின் பாதியைப் பிடித்திருந்தன. மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைகளிலிருந்து தோல் ஏற்றிய வண்டிகள் எதிரே வந்தன. இனிப்பும் புளிப்பும் லேசான கள் வாடையும் கலந்த ஒரு காற்று சட்டைக்குள் புகுந்து கூடவே வந்தது. இந்தப் பக்கத்து மாடுகள் அந்தத் தோலைத் தின்னும். ஒரு பருவத்தில் நான் முதல்முறையாக மாந்தோல் கொண்டுபோனபோது மெஷின் எண்ணே தரவில்லை. இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை என்கிற பொருளில் ஒரு சிவப்பு எச்சரிக்கை மட்டும் போட்டது. மெஷின் கெட்டுவிட்டது என்று நான் கையைப் பிசைய, நகரிக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தெரியாதத தெரியாதுன்னு சொல்லுது பாருண்ணா. மனுசன்ல எவன் சொல்றான்?" என்றார்.

அந்தப் பருவம் முழுக்க மாந்தோல் கொண்டுவரச் சொன்னார். பெங்களூரா தோல், நீலம் தோல், வெயிலில் காய்ந்தது, புளித்தது. கூடம் ஊறுகாய்ப் பானைபோல மணத்தது. ஒவ்வொன்றையும் ஆசிட்டில் கொதிக்கவைத்து மறுபடி முதலிலிருந்து பழக்கினார். இன்று அந்த மெஷினுக்கு மாந்தோல் அடையாளம் தெரியும். எங்கிருந்தோ பெட்டியில் வந்திறங்கிய பொருள், சித்தூர் மாடு என்ன தின்னும் என்று தெரிந்து வைத்திருக்கிறது. டீக்கடையில் அதை நினைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். பன்னை டீயில் தோய்த்தபடி, "சீக்கிரம்ணா, தரகரு நமக்கு முன்னாடி பூடப்போறாரு" என்றார்.

மொகிலி மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, பலமநேரில் வேகம் பிடித்து, குப்பத்தைத் தாண்டி குடுபல்லிக்குப் போய்ச் சேர்ந்தபோது தரகர் ஏற்கெனவே வந்திருந்தார். தோளில் துண்டு. பசுவின் வாயைப் பிளந்து பல் பார்த்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தார் போல, உள்பனியனோடு கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றார். அந்த அம்மா எங்கள் வண்டியைக் கண்டதும் வாசலைத் தாண்டி ஓடிவந்தார்.

"பாஸா மேடமு?"

"பாஸு" என்றார் நகரிக்காரர். "ஃபர்ஸ்ட் க்ளாஸு."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்த அழகைச் சொல்ல வேண்டும். அப்படியே வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கினியா? என் புல்ல கேட்டுக்கினியா?"

"கேட்டேன்" என்றார் அவர், சாந்தமாக. "நான் தான் சொன்னேனே. அப்போ மாடு தான்." தரகரைப் பார்த்துத் தலையை அசைத்தார். தரகர் முளைக்குப் போய்க் கயிற்றில் கைவைத்தார்.

அப்போதுதான் அந்த அம்மாவுக்கு உறைத்தது. சிரிப்பு வாயில் அப்படியே இருக்க, கண் மட்டும் கயிற்றுக்குப் போனது.

"இருங்க!" என்று நகரிக்காரர் சொன்னது ரயில் நிலையம் வரை கேட்டிருக்கும். தரகர் கயிற்றை விட்டுவிட்டார். பசுகூடத் திரும்பிப் பார்த்தது. "இன்னும் பாதி டெஸ்டு பாக்கி கீது." பிறகு தன்னால் முடிந்தவரை குரலைத் தணித்து அந்த அம்மாவிடம் கேட்டார். "எங்களுக்குக் குடுத்த புல்ல எப்டிம்மா எடுத்தீங்க?"

"எப்டின்னா? நல்லதா பாத்துத் தான். நுனில கீற எல மட்டும் ஒண்ணு ஒண்ணா உருவி, மண்ணு போவ ரெண்டு தண்ணில அலசி, நெழல்ல காய வச்சி…"

"தண்டு?"

"தண்டு எதுக்கு மேடமு?" அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "வெளியூருக்குப் போவுது, படிச்சவங்க பாக்கப் போறாங்க. தண்டையும் தவுட்டையும் யாராச்சும் அனுப்புவாங்களா? ஊட்டுக்கு வரவங்களுக்கு அடி சோறா போடுவோம்?"

தரகர் சிரித்துவிட்டார். வீட்டுக்காரர்கூட மீசைக்குக் கீழே. நகரிக்காரர் சிரிக்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார், புடவை சாணியில் படுவதைப் பார்க்காமல்.

தொட்டியில் கிடந்தது வேறு புல். கட்டைவிரல் பருமனில் தண்டுகள், கரும்பைப் போலக் கணு கணுவாக. இலை இருந்த இடத்தில் நார் மட்டும். காலையில் போட்டதில் பசு இலையை வழித்துவிட்டுத் தண்டை மூக்கால் தள்ளிவைத்திருந்தது. அதைக் கூட்டியெடுத்து மறுவேளைக்கு மறுபடி போடுவது வழக்கம் என்று அந்த அம்மாவே சொன்னார். பசியில் கொஞ்சம் தின்னும், மிச்சத்தை மறுபடி தள்ளும். அத்தனை உயரம் வளர்ந்த புல்லில் இலை உச்சியில் ஒரு கொத்து, மற்றதெல்லாம் கழி.

நகரிக்காரர் தொட்டியின் நாலு பக்கமும் கைவிட்டு அள்ளி, அரிவாளால் பொடிப்பொடியாகக் கொத்திக் கலந்து, சின்ன மெஷினை அதன்மேல் அழுத்தினார். இடம் மாற்றி மாற்றி அழுத்தினார்.

"இன்னாம்மா, பட்டப்பகல்ல டார்ச்சு அடிக்கிற?" என்றார் தரகர்.

"இது உங்களுக்குத் தெரியாத வெளிச்சம்ண்ணே. தெரிஞ்சா நீங்க பல்லு புடிச்சி மாடு பாக்க மாட்டீங்க."

"எரியவே இல்லியேம்மா!"

"எரியுது. புல்லுக்குத் தெரியும்."

எண் வந்தது. சத்து, பையில் வந்த புல்லில் பாதிகூட இல்லை. நார் ஏறிக் கிடந்தது. "வைக்கோலுக்கு அண்ணன்" என்றார் நகரிக்காரர்.

வீட்டுக்காரர் தூணைவிட்டு வந்தார். "நேத்து ஒண்ணு சொல்லுது, இன்னிக்கி ஒண்ணு சொல்லுது. இந்த மெஷின நம்பி மாட்ட கட்டிப் போட சொல்றீங்களா?" கேள்வி நியாயமானது. தினமும் ரயிலேறிப் போய்ச் சம்பாதிக்கிறவர், பால் கொடுக்காத மாட்டுக்கும் தவிடு வாங்கிப் போடுகிறவர்.

"என்ன நம்பாதீங்க" என்றார் நகரிக்காரர். "நீங்களே எடுத்துக் குடுங்க. மொதல்ல உங்க வீட்டுக்காரம்மா உருவுனா மாதிரி நுனி எல. அப்பால மாடு ஒதுக்குனது. உங்க கையால."

வீட்டுக்காரர் தோட்டத்துக்குள் போனார். புல் அவரை விழுங்கிக்கொண்டது, சலசலப்பு மட்டும் கேட்டது. உச்சியை வளைத்து இலை உருவிக்கொண்டு வந்தார். மெஷின் எண் மேலே போயிற்று. பிறகு பசுவின் மூக்கடியிலிருந்து தானே குனிந்து பொறுக்கித் தானே கொத்தி வைத்தார். எண் கீழே விழுந்தது. இன்னொரு முறை இலை. இன்னொரு முறை தண்டு. தன் கையாலேயே நாலு முறை வைத்துப் பார்த்தபின் அரிவாளைக் கீழே வைத்தார்.

"பச்சையா கீறதால சரியான நம்பர திருப்பதில காய வச்சிப் பாத்துத் தான் சொல்லுவேன்" என்றார் நகரிக்காரர். "ஆனா மேலுக்கும் கீழுக்கும் இவ்ளோ வித்தியாசம் கீது பாருங்க, அது மாறாது. மெஷினு முன்னால எத்த வைக்கிறோமோ அத்த தான் அது சொல்லும். அன்னிக்கி உங்க வீட்டுக்காரம்மா அவங்க மனச எடுத்து வச்சாங்க. இன்னிக்கி நாம மாட்டோட சோத்த வச்சோம்."

எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்தோம். பார்த்திருக்கக் கூடாது. ஊரே மெச்சிய புல், தன் கையால் கரணை நட்ட புல், வாசலில் வெளியாட்கள் முன்னால் தோற்றுக் கிடந்தது. நான் அவராக இருந்தால் மெஷின் தவறு என்றுதான் சண்டை போட்டிருப்பேன். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். கொட்டகைக்குள் நடந்து, பசுவுக்கும் தரகருக்கும் நடுவில் போய் நின்றார்.

"என் புல்லு தான் ஃபெயிலு" என்றார் வீட்டுக்காரரைப் பார்த்து. "மாடு இல்ல. கேட்டுக்கோ. மாடு இல்ல."

நகரிக்காரரின் மெஷினை மெச்சி மெச்சிப் பழகியிருந்த எனக்கு, அந்த ஒரு வாக்கியத்தின் முன்னால் வேறெதையும் மெச்சத் தோன்றவில்லை.

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கட்டைய துன்னுக்கினே இம்மாம் பாலு குடுக்குதுன்னா நல்ல மாடு தான்யா. இத்தன நாளு நான் வெலைய கொறச்சிப் பேசிக்கினு கீறேன், வயித்தெரிச்சல்" என்றார். வீட்டுக்காரர் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். அங்கே இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்தவர் கயிற்றைக் கையில் எடுத்து, முளையில் இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினார். "ஒரு ஈத்து பாக்கலாம்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அதன்பிறகு நகரிக்காரர் தோட்டத்தின் ஓரத்தில் நின்று சொன்னதை நான் இன்றும் பல வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புல்லுக்கும் வயதாகும். இடுப்புயரம் தாண்டியதும், நெஞ்சுயரம் எட்டுவதற்குள் அறுத்துவிட வேண்டும். ஒரேயடியாக அறுக்காமல் பாத்தி பாத்தியாக அறுத்தால், கடைசிப் பாத்தி முடிவதற்குள் முதல் பாத்தி இளசாக எழுந்துவிடும். அதுவரைக்கும் கடலைக்கொடி, பட்டுப்புழு தின்றது போக மல்பெரிக் குச்சியில் மிஞ்சும் இலை. போடுவதை நறுக்கிப் போட வேண்டும், ஒதுக்கியதை மறுபடி போடக் கூடாது. அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் குறுக்கிட்டார்.

"இவ்ளோ ஒசரம் வளந்ததப் பாத்து தெருவே பேசும் மேடமு."

"பேசும். நெசமாவே நல்லா வளத்துகீறீங்க. நட்ட கைய ஒருத்தரும் குத்தம் சொல்ல முடியாது. அறுக்கிற நாளு மட்டும் தான் தப்பு."

நாங்கள் கிளம்பும்போது முதல் பாத்தியில் அரிவாள் விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் அறுத்தார், அந்த அம்மா கட்டினார். பச்சைச் சுவர் அந்த மூலையில் சரிய, அதற்குப் பின்னால் மின்கம்பமும் ஒரு துண்டு வானமும் தெரிந்தன.

மழை தொடங்கிய பிறகுதான் மறுபடி அந்தப் பக்கம் போகக் கிடைத்தது. நகரிக்காரரும் வந்தார், சின்ன மெஷினோடு. பசு கொட்டகையில்தான் நின்றது. அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. முதல் ஈற்றுப் பால் திரும்பவில்லை. ஆனால் கேன் கனத்திருந்தது, இடுப்பெலும்பின் மேல் கொஞ்சம் சதை பிடித்திருந்தது, தொட்டி துடைத்துவிட்டது போல இருந்தது. தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி வேறு வேறு உயரம், வெவ்வேறு பச்சை. ஆனால் தெருவை ஒட்டி ஒரே ஒரு வரிசை மட்டும் அறுக்காமல் விட்டிருந்தது, கூரையைத் தொட்டுக்கொண்டு, காற்றில் கர்வமாக ஆடிக்கொண்டு.

நகரிக்காரர் இடுப்பில் கைவைத்து அதை அண்ணாந்து பார்த்தார். "இன்னாம்மா இது?"

"அது இருந்துட்டுப் போட்டும் மேடமு."

"அத்த மட்டும் மாட்டுக்குப் போட்டுடாதீங்க."

"மாட்டுக்கு எதுக்குப் போடப் போறேன்?" என்றார் அந்த அம்மா. "அது எனக்கு."